புகழ் வந்தபோது அவர் இல்லை!

1961-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஒரு புதிய இசைத்தட்டு வெளிவந்தது.

அதன் அட்டையில் ஒரு படம். ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து கிட்டார் வாசிக்கிறார். உயரத்தில் இருந்து குனிந்து பார்ப்பது போல அந்தப் படத்தை வரைந்து இருந்தார்கள். அவருடைய தலை தெரிந்தது. முதுகு தெரிந்தது. தரையில் விழுந்த நிழல்கூடத் தெரிந்தது. முகம் மட்டும் தெரியவில்லை!

ஏன் முகத்தை வரையவில்லை?

 ஒரு போட்டோகூடக் கிடைக்கவில்லை. அவர் இறந்து 23 ஆண்டுகள் ஆகிவிட்டன.

அந்த இசைத்தட்டைக் கேட்டவர்கள் பலர் அதற்கு அடிமை ஆனார்கள். உலகப் புகழ் பெற்ற பாடகர்கள் அவரைத் தங்கள் குரு என்று கொண்டாடினார்கள். லட்சக்கணக்கில் இசைத்தட்டுகள் விற்றன. அரசாங்கம் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

உயிரோடு இருந்தபோது தெருமுனையில் பாடிப் பிழைத்தவர் அவர். பெயர், ராபர்ட் ஜான்சன்.

தப்பி ஓடிய குடும்பம்

அமெரிக்காவின் தென் பகுதியில் மிசிசிப்பி என்று ஒரு மாகாணம் இருக்கிறது. பருத்தி விளையும் பூமி. அங்கே கறுப்பர்கள் ஏராளம். அவர்களுடைய முன்னோர்கள் ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளாகக் கொண்டு வரப்பட்டவர்கள்.

1865-ம் ஆண்டு அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் கறுப்பர்களின் கஷ்டம் ஒழியவில்லை. நிலம் வெள்ளையருடையது. கறுப்பர்கள் அதை வாரத்துக்கு உழுதார்கள். விதைக்குக் கடன், சாப்பாட்டுக்குக் கடன். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

அந்த மாகாணத்தில் ஹேசில்ஹர்ஸ்ட் என்ற ஊரில் சார்லஸ் டாட்ஸ் என்று ஒரு கறுப்பர் இருந்தார். மரச்சாமான்கள் செய்கிறவர். சொந்த நிலமும் இருந்தது. அவருக்கும் வெள்ளைக்கார நிலக்காரர்களுக்கும் தகராறு ஏற்பட்டது. அவரை அடித்துக் கொல்ல ஒரு கும்பல் கிளம்பியது. டாட்ஸ் இரவோடு இரவாகத் தப்பினார். மெம்பிஸ் நகருக்குப் போய், பெயரை ஸ்பென்சர் என்று மாற்றிக்கொண்டு வாழ்ந்தார்.

அவருடைய மனைவி ஜூலியா ஊரிலேயே தங்கிவிட்டார். அங்கே நோவா ஜான்சன் என்பவரோடு பழக்கம் ஏற்பட்டது. அவர்களுக்கு 1911-ம் ஆண்டில் பிறந்த குழந்தைதான் ராபர்ட்.

கைக்குழந்தையோடு ஜூலியா ஊர் ஊராகக் கூலி வேலை செய்தார். பிறகு மகனை மெம்பிசில் இருந்த டாட்சின் வீட்டில் விட்டார். ராபர்ட் அங்கே வளர்ந்தான். பள்ளிக்கூடம் போனான். எழுதப் படிக்கக் கற்றான். 8, 9 வயது ஆனபோது தாயார் அவனை மறுபடியும் அழைத்துக்கொண்டார்.

தாயார் அதற்குள் வேறு ஒருவரை மணந்து இருந்தார். ராபின்சன்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் பருத்திப் பண்ணையில் வேலை. சிறுவனும் வயலில் இறங்க வேண்டும் என்று மாற்றாந்தகப்பனார் எதிர்பார்த்தார். ராபர்ட்டுக்கு வயலில் மனம் ஓடவில்லை. பாட்டில்தான் ஓடியது.

தன்னைப் பெற்ற தகப்பனார் யார் என்பது அவனுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அது முதல் தன் பெயரை ராபர்ட் ஜான்சன் என்று வைத்துக்கொண்டான்.

மனைவியும் போனாள், குழந்தையும் போனது

1929-ம் ஆண்டு. ராபர்ட்டுக்கு வயது 17. வர்ஜீனியா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். இருவரும் சிறு வயது. பண்ணையில் வேலை செய்து ஒழுங்காகக் குடும்பம் நடத்தப் பார்த்தார்கள். வர்ஜீனியா கர்ப்பம் ஆனார்.

1930-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிரசவம். தாயும் பிழைக்கவில்லை. குழந்தையும் பிழைக்கவில்லை.

அந்த நேரத்தில் ராபர்ட் கிட்டாரோடு வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்து போயிருந்தது. உறவினர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். கடவுள் பாட்டை விட்டுவிட்டுச் சாத்தானின் பாட்டைப் பாடினான், அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று பழித்தார்கள்.

சாத்தானின் பாட்டு என்றால் என்ன?

அந்தப் பாட்டுக்கு ப்ளூஸ் என்று பெயர். கறுப்பர்களின் வயல்காட்டிலும் குடிசையிலும் பிறந்த பாட்டு. காதலி பிரிந்த கவலை, கையில் காசு இல்லாத கவலை, வழி தெரியாமல் அலையும் கவலை எல்லாம் அதில் வரும். ஒருவர் கிட்டாரை மீட்டிக்கொண்டே பாடுவார். சனிக்கிழமை இரவில் சாராயம் விற்கும் கொட்டகைகளில் இந்தப் பாட்டு ஒலிக்கும். ஆணும் பெண்ணும் விடிய விடிய ஆடுவார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாதா கோவிலில் பாதிரியார் அந்தப் பாட்டைக் கண்டிப்பார்!

மனைவியை இழந்த பிறகு ராபர்ட்டுக்குப் பண்ணையும் பிடிக்கவில்லை. வீடும் பிடிக்கவில்லை. அந்தப் பாட்டு ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

விரட்டி அடித்தார்கள்

அதே 1930-ம் ஆண்டில் சன் ஹவுஸ் என்ற பாடகர் அந்த ஊருக்குக் குடி வந்தார். முன்பு பாதிரியாராக இருந்தவர். இடி இடிப்பது போலப் பாடுவார். அவரும் வில்லி பிரவுன் என்பவரும் சேர்ந்து கொட்டகைகளில் வாசிப்பார்கள்.

ராபர்ட் வீட்டுக்குத் தெரியாமல் வந்து, அவர்கள் காலடியில் உட்கார்ந்து கேட்பார். அப்போது அவருக்கு மவுத் ஆர்கன் நன்றாக வாசிக்க வரும். கிட்டார் வராது. ஆனால் ஆசை மட்டும் கிட்டார் மேல்தான்.

பெரியவர்கள் இளைப்பாற எழுந்து போவார்கள். உடனே ராபர்ட் கிட்டாரை எடுத்து மீட்டத் தொடங்குவார். காது கொடுத்துக் கேட்க முடியாது. ஆட வந்தவர்கள் கூச்சல் போடுவார்கள். சன் ஹவுஸ் ஓடி வந்து கிட்டாரைப் பிடுங்குவார்.

இந்தக் கதை பல நாள் நடந்தது. கடைசியில் ராபர்ட் ஊரை விட்டே போய்விட்டார்.

கொஞ்ச காலம் கழிந்தது. ஒரு சனிக்கிழமை இரவு. சன் ஹவுசும் வில்லி பிரவுனும் வாசித்துக்கொண்டு இருந்தார்கள். முதுகில் கிட்டாரைத் தொங்கப் போட்டுக்கொண்டு ராபர்ட் உள்ளே நுழைந்தார். ஒரே ஒரு பாட்டு வாசிக்க இடம் கேட்டார். வேண்டா வெறுப்பாக இடம் கொடுத்தார்கள்.

ராபர்ட் வாசித்தார். சன் ஹவுஸ் திறந்த வாய் மூடவில்லை! கேட்கச் சகிக்காமல் வாசித்தவன், ஆசிரியரை மிஞ்சி வாசிக்கிறான். இது எப்படி நடந்தது?

நாற்சந்திக் கதை

இதைப் பற்றி ஒரு கதை கட்டிவிட்டார்கள். நடுராத்திரியில் ராபர்ட் ஒரு நாற்சந்திக்குப் போனாராம். அங்கே சாத்தான் நின்றானாம். அவருடைய கிட்டாரை வாங்கிச் சுருதி கூட்டிக் கொடுத்தானாம். அதற்கு விலையாக அவருடைய ஆன்மாவை எழுதி வாங்கிக்கொண்டானாம்!

இந்தக் கதை இன்று உலகம் எங்கும் பரவி இருக்கிறது. அதைப் பார்த்து ரசிப்பதற்காகவே மிசிசிப்பிக்குப் போகும் பயணிகள் உண்டு. ஆனால் இதே கதை முன்பு வேறு ஒரு பாடகரைப் பற்றிச் சொல்லப்பட்டது. அவர் பெயர் டாமி ஜான்சன். பின்னால் வந்தவர்கள் அதை ராபர்ட் ஜான்சன் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

ராபர்ட் பாடிய சில பாட்டுகளில் சாத்தான் வருவது உண்மை. ஆனால் நாற்சந்தியைப் பற்றி அவர் பாடிய பாட்டில் சாத்தான் கிடையாது. ஒருவன் நாற்சந்தியில் நிற்கிறான். பொழுது சாய்கிறது. போகிற வண்டியை நிறுத்தப் பார்க்கிறான். எதுவும் நிற்கவில்லை. மண்டியிட்டுக் கடவுளிடம் இரக்கம் கேட்கிறான். அவ்வளவுதான் பாட்டு. அந்தக் காலத்து மிசிசிப்பியில், இருட்டும் நேரத்தில், தெரியாத ஊரில், தனியாக நிற்கும் கறுப்பனுக்கு உயிர்ப் பயம் இருந்தது. அதற்குச் சாத்தான் தேவை இல்லை.

அப்படியானால் கிட்டார் எப்படி வந்தது?

ராபர்ட் தான் பிறந்த ஊர்ப் பக்கம் போயிருந்தார். அங்கே ஐக் சிம்மர்மன் என்று ஒரு கறுப்பர். பகலில் ரோடு போடும் வேலை. இரவில் கிட்டார். அவர் ராபர்ட்டைத் தன் வீட்டில் தங்க வைத்துக்கொண்டார். பெற்ற பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது போலச் சொல்லிக் கொடுத்தார்.

வீட்டில் சத்தம். அதனால் இருவரும் இரவில் சுடுகாட்டுக்குப் போவார்கள். ஆளுக்கு ஒரு கல்லறை மேல் உட்காருவார்கள். அங்கே யார் தொந்தரவும் இல்லை. தப்பாக வாசித்தாலும் கேலி செய்ய ஆள் இல்லை. மணிக்கணக்கில் வாசிப்பார்கள்.

சாத்தான் கொடுத்த வரம் என்று ஊர் சொன்னது இதைத்தான். அது ராத்திரி பகலாக உழைத்த உழைப்பு. கூடவே, காசு வாங்காமல் கற்றுக் கொடுத்த ஒரு நல்ல மனிதர்.

ஊர் ஊராக

அதன் பிறகு ராபர்ட் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ரயிலில், லாரியில், கால்நடையில் ஊர் ஊராகப் போனார். தெருமுனையில் நின்று பாடுவார். கூட்டம் கூடும். சில்லறை விழும். இரவில் ஏதாவது கொட்டகையில் கச்சேரி. மறுநாள் அடுத்த ஊர். வடக்கே சிக்காகோ, டெட்ராய்ட், நியூயார்க் வரை போய் வந்தார்.

ஒரு பாட்டை ஒரு தடவை ரேடியோவில் கேட்டால் போதும். அப்படியே வாசிப்பார் என்று கூட இருந்தவர்கள் சொல்லி இருக்கிறார்கள். எவ்வளவு அலைந்தாலும் உடையில் தூசி இருக்காது. பளிச்சென்று இருப்பார். கலகலப்பாகப் பேசிக்கொண்டே இருப்பார். திடீரென்று காணாமல் போவார். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது.

அவருடைய விரல் வித்தையே தனி. கட்டை விரல் தாளம் போடும். மற்ற விரல்கள் ராகம் பேசும். சில பாட்டுகளில் கம்பியின் மேல் ஒரு குழாயைத் தேய்த்து வாசிப்பார். கம்பி மனிதக் குரலில் அழும்.

5 நாள், 29 பாட்டு

1936-ம் ஆண்டு. தன் குரல் இசைத்தட்டில் வரவேண்டும் என்று ராபர்ட்டுக்கு ஆசை வந்தது. ஜாக்சன் நகரில் எச்.சி. ஸ்பியர் என்ற கடைக்காரர் இருந்தார். நல்ல பாடகர்களைக் கண்டுபிடித்துக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறவர். ராபர்ட் அவரைப் போய்ப் பார்த்தார். வழி பிறந்தது.

டெக்சாஸ் மாகாணத்தில் சான் அன்டோனியோ நகரம். அங்கே குன்டர் ஓட்டல். ஒரு அறையில் ஒலிப்பதிவு எந்திரங்களை வைத்து இருந்தார்கள். அந்தக் காலத்தில் இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிஷம்தான் ஓடும். அதற்குள் பாட்டை முடிக்க வேண்டும். நடுவில் தப்பு வந்தால் வெட்டி ஒட்ட முடியாது. முதலில் இருந்து பாட வேண்டும்.

ராபர்ட் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து பாடினாராம். கூச்சம் என்று சிலர் சொல்வார்கள். சுவரில் மோதித் திரும்பும் ஒலி கணீரென்று இருக்கும், அதற்காகத்தான் என்று சிலர் சொல்வார்கள். தன் விரல் வித்தையை வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக என்று சொல்வோரும் உண்டு.

நவம்பர் 23-ந்தேதி 8 பாட்டு. 26-ந்தேதி 1 பாட்டு. 27-ந்தேதி 7 பாட்டு. ஆக 16.

அடுத்த ஆண்டு, 1937 ஜூன் மாதம், டல்லாஸ் நகரில் மறுபடியும் ஒலிப்பதிவு. 19-ந்தேதி 3 பாட்டு. 20-ந்தேதி 10 பாட்டு. ஆக 13.

மொத்தம் 5 நாள். 29 பாட்டு. ராபர்ட் ஜான்சன் இந்த உலகத்துக்கு விட்டுச் சென்ற சொத்து அவ்வளவுதான்.

அந்த நாளில் கறுப்பர்களின் இசைத்தட்டுகளைத் தனியாகக் கறுப்பர்களுக்கு என்றே விற்பார்கள். ராபர்ட்டின் இசைத்தட்டுகளும் அப்படித்தான் விற்றன. டெராப்பிளேன் என்ற காரின் பெயரை வைத்து அவர் பாடிய ஒரு பாட்டு மட்டும் ஏறக்குறைய 5 ஆயிரம் இசைத்தட்டுகள் விற்றது. மற்றவை அதைவிடக் குறைவு. ராபர்ட்டின் வாழ்க்கையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. மறுபடியும் தெருமுனை. மறுபடியும் கொட்டகை.

கதவு திறக்கவில்லை

ராபர்ட்டுக்கு ஒரு பெண்ணிடம் ஒரு மகன் பிறந்து இருந்தான். 1931-ம் ஆண்டு பிறந்தவன். அவனைத் தாயாரின் பெற்றோர் வளர்த்தார்கள். அவர்கள் தெய்வ பக்தி மிகுந்தவர்கள். ப்ளூஸ் பாடுகிறவன் சாத்தானின் ஆள் என்பது அவர்கள் எண்ணம்.

ஒரு நாள் ராபர்ட் மகனைப் பார்க்க வந்தார். வீட்டுக்குள் நுழைய அவர்கள் அனுமதிக்கவில்லை. அவர் முற்றத்தில் நின்றார். மகன் வாசற்படிக்கு உள்ளே நின்றான். தகப்பனார் மகனுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டுப் போனார். கிட்ட வந்து தொட்டுப் பேசக்கூட முடியவில்லை.

பிறகு அந்த மகன் தகப்பனாரைப் பார்க்கவே இல்லை.

27 வயதில் மரணம்

1938-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். மிசிசிப்பியில் கிரீன்வுட் நகருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கொட்டகையில் ராபர்ட் வாசித்துக்கொண்டு இருந்தார். அங்கே அவருக்கு உடம்புக்கு வந்தது. சில நாள் வலியால் துடித்தார். ஆகஸ்டு 16-ந்தேதி இறந்துபோனார். வயது 27.

அவர் ஒருவருடைய மனைவியோடு பழகினார், அதனால் விஸ்கியில் விஷம் கலந்து கொடுத்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். நோய் என்று சொன்னவர்களும் உண்டு. உண்மை இன்றுவரை முடிவாகவில்லை. அவருடைய மரணச் சான்றிதழை ஆராய்ச்சியாளர் ஒருவர் 1968-ம் ஆண்டு தேடிக் கண்டுபிடித்தார். மரணத்துக்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தில், வைத்தியர் இல்லை என்று மட்டும் எழுதி இருந்தது!

எந்தப் பத்திரிகையிலும் அது பெரிய செய்தியாக வரவில்லை. ஒரு ஏழைப் பாட்டுக்காரர் இறந்தார். அடக்கம் செய்தார்கள்.

4 மாதம் தாமதம்

ஆனால் தூரத்தில் நியூயார்க் நகரில் ஒருவர் அவரைத் தேடிக்கொண்டு இருந்தார்.

அவர் பெயர் ஜான் ஹாமண்ட். வெள்ளையர். கோடீசுவரக் குடும்பத்தில் பிறந்தவர். கறுப்பர்களின் இசையில் உயிராக இருந்தவர். ராபர்ட்டின் இசைத்தட்டுகளைக் கேட்டு அவர் மயங்கி இருந்தார்.

நியூயார்க்கில் கார்னகி ஹால் என்ற புகழ் பெற்ற இசை அரங்கம் இருக்கிறது. உலகத்து மேதைகள் ஏறும் மேடை. 1938 டிசம்பர் 23-ந்தேதி அங்கே கறுப்பர் இசை விழா ஒன்றை ஹாமண்ட் ஏற்பாடு செய்தார். அந்த மேடையில் ராபர்ட் ஜான்சனைப் பாட வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மிசிசிப்பிக்குத் தகவல் போனது.

பதில் வந்தது. ராபர்ட் ஜான்சன் இறந்துவிட்டார்!

4 மாதம் முன்னால் அந்த அழைப்பு போயிருந்தால்? கொட்டகையில் பாடியவர் கார்னகி ஹாலில் பாடி இருப்பார்.

விழா நடந்தது. ராபர்ட்டுக்குப் பதில் பிக் பில் புரூன்சி என்ற வேறு ஒரு பாடகர் பாடினார். ஆனாலும் ஹாமண்ட் மனம் கேட்கவில்லை. மேடைக்கு ஒரு கிராமபோனைக் கொண்டு வரச் செய்தார். ராபர்ட்டின் 2 பாட்டுகளை இசைத்தட்டில் போட்டுக் காட்டினார். ஆள் இல்லாத மேடையில் குரல் மட்டும் பாடியது. சபை கேட்டது.

பிறகு உலகப் போர் வந்தது. உலகம் அவரை மறந்தது.

தாமதமாக வந்த காதல்

1961-ம் ஆண்டு கொலம்பியா கம்பெனி ராபர்ட்டின் 16 பாட்டுகளைத் தேர்ந்து எடுத்து ஒரே பெரிய இசைத்தட்டாக வெளியிட்டது. மிசிசிப்பி ப்ளூஸ் பாடகர்களுக்கு எல்லாம் மன்னர் என்ற பட்டத்தையே அதற்குப் பெயராக வைத்தார்கள். முகம் தெரியாத படம் போட்ட இசைத்தட்டு அதுதான். அது வெளிவரத் தூண்டுகோலாக இருந்தவர் அதே ஹாமண்ட்!

விற்பனை அமோகமாக இல்லை. ஆனால் யார் கைக்குப் போக வேண்டுமோ அவர்கள் கைக்கு அது போய்ச் சேர்ந்தது.

அந்த ஆண்டில் பாப் டிலன் என்ற 20 வயது வாலிபரை ஹாமண்ட் கம்பெனியில் பாடகராகச் சேர்த்துக்கொண்டார். கடைக்கு வரும் முன்பே அந்த இசைத்தட்டின் ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்தார். டிலன் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். பாட்டுகளைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியும் எப்படிக் கட்டப்பட்டு இருக்கிறது என்று ஆராய்ந்தார். அந்த டிலன்தான் 2016-ம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்.

லண்டனில் கீத் ரிச்சர்ட்ஸ் என்ற வாலிபருக்கு அவருடைய நண்பர் பிரையன் ஜோன்ஸ் அந்த இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். ரிச்சர்ட்சுக்கு ஒரு சந்தேகம். கூடவே கிட்டார் வாசிக்கும் இன்னொருவர் யார் என்று கேட்டார். இன்னொருவரே கிடையாது. வாசித்தது ஒரே ஆள் என்று நம்புவதற்கு அவருக்கு வெகு நாள் ஆயிற்று! இவர்கள் இருவரும் இருந்த ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற குழு, 1969-ம் ஆண்டு ராபர்ட்டின் பாட்டு ஒன்றைப் பாடி உலகப் புகழ் பெற வைத்தது.

எரிக் கிளாப்டன் கதை வேறு. இங்கிலாந்தின் பெரிய கிட்டார் மேதை அவர். சிறு வயதில் ராபர்ட்டின் பாட்டை முதல் முதலில் கேட்டபோது அவரால் தாங்க முடியவில்லை. அவ்வளவு வேதனை அதில் இருந்தது. ஒதுக்கி வைத்துவிட்டார். ஏறக்குறைய 6 மாதம் கழித்து மறுபடியும் எடுத்தார். அதன் பிறகு வேறு எதையும் கேட்க மனம் வரவில்லை. 1968-ம் ஆண்டு தன் குழுவோடு நாற்சந்திப் பாட்டைப் பாடிப் புகழ் அடைந்தார். 2004-ம் ஆண்டு, 58 வயதில், முழுக்க முழுக்க ராபர்ட்டின் பாட்டுகளையே பாடி ஒரு தனி இசைத்தட்டு வெளியிட்டார்.

குருவுக்குக் கிடைத்தது

ப்ளூஸ் பாட்டில் மயங்கிய வாலிபர்கள் பழைய பாடகர்களைத் தேடிக் கிளம்பினார்கள். ராபர்ட்டின் கிட்டாரைப் பிடுங்கினாரே, அந்த சன் ஹவுஸ் எங்கே? பல ஊர் சுற்றி, 1964-ம் ஆண்டு ராச்செஸ்டர் நகரில் அவரைக் கண்டுபிடித்தார்கள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வாக இருந்தார். பாட்டை விட்டுப் பல ஆண்டு ஆகி இருந்தது. தன்னைத் தேடி வந்தவர்களைப் பார்த்து அவரே ஆச்சரியப்பட்டார். மறுபடியும் கிட்டார் எடுத்தார். பெரிய மேடைகளில் பாடினார். 1988-ம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

குருவுக்குக் கிடைத்த அந்தப் பாக்கியம் சீடருக்குக் கிடைக்கவில்லை.

கோடிப் பணம்

1990-ம் ஆண்டு ராபர்ட்டின் எல்லாப் பாட்டுகளையும் சேர்த்து ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். 10 லட்சத்துக்கு மேல் விற்றது. கிராமி என்ற பெரிய பரிசும் கிடைத்தது. அதற்குள் அவருடைய போட்டோக்களும் கிடைத்துவிட்டன. உலகம் முதல் முதலில் அவர் முகத்தைப் பார்த்தது. ஒரு படத்தில் நல்ல கோட்டும் தொப்பியுமாகக் கால் மேல் கால் போட்டுச் சிரித்துக்கொண்டு இருந்தார். விரல்கள் மட்டும் மிக நீளம்!

1994-ம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம் அவர் படம் போட்ட தபால்தலை வெளியிட்டது. அதன் விலை 29 சென்ட். அவர் பாடிய பாட்டுகளும் 29.

பணம் குவிந்தது. அது யாருக்குச் சேர வேண்டும்? வழக்கு நடந்தது. முற்றத்தில் நின்ற தகப்பனாரை வாசற்படியில் நின்று பார்த்த மகன் கோர்ட்டுக்கு வந்தார். அவர் ஜல்லி லாரி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். வயது 60-ஐத் தாண்டி இருந்தது. அவருடைய தாயாரின் தோழி ஒருவர் சாட்சி சொன்னார். அவர்தான் மகன் என்று 1998-ம் ஆண்டு கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. 2000-ம் ஆண்டு மாகாணத்தின் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 10 லட்சம் டாலருக்கு மேல் அவருக்குக் கிடைத்தது.

மகனுக்குத் தகப்பனார் கையால் கிடைத்தது முற்றத்தில் நின்று கொடுத்த சில்லறை. அவர் இறந்து 60 ஆண்டு கழித்துக் கிடைத்தது, அவர் சுவரைப் பார்த்துப் பாடிய பாட்டின் கூலி.

3 கல்லறை

ராபர்ட் ஜான்சனுக்குக் கிரீன்வுட் வட்டாரத்தில் 3 இடங்களில் கல்லறைக் கல் நட்டு இருக்கிறார்கள். மூன்றும் சிறிய மாதா கோவில்களின் வளாகத்தில் இருக்கின்றன. எதில் அவர் உறங்குகிறார் என்பதில் நெடுநாளாக விவாதம். ரசிகர்கள் மூன்றுக்கும் போகிறார்கள்.

அவர் உயிரோடு இருந்தபோது யாரும் அவர் பேச்சை எழுதி வைக்கவில்லை. யாரும் பேட்டி எடுக்கவில்லை. அவர் பாடுவதைச் சினிமாப் படம் பிடிக்கவில்லை. அந்த 29 பாட்டுகள்தான் மிச்சம்.

அவை அத்தனையையும் ஒரே மூச்சில் கேட்டு விடலாம். ஒரு சினிமா பார்க்கும் நேரம்கூட ஆகாது.